எதிர்மனுதாரர் ருக்மிணி

ஹைதராபாத் உப்பலில் சாம்பசிவம் இரும்பு கடையும் லேத் போட்டிருக்கும் ஷெட்டின் முகப்பில் 'ருக்மிணி இன்ஜினியரிங் ஒர்க்ஸ்' என்று தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கும். மனைவி மேல் உள்ள பிரியத்தில் வைத்த பெயர் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். ஏ.எஸ்.ராவ் நகரில் அவர்கள் வீட்டுக்குக் கீழ் வீட்டில் பதினோரு வருடமாகக் குடியிருக்கும் நானே அப்படித்தான் நினைத்தேன். அவரும் யாரையும் திருத்தியதில்லை.

பெயருக்குக் காரணம் வேறு. சாம்பசிவத்தின் அப்பா சிதம்பரத்திலிருந்து இங்குள்ள பெரிய மின்னணுத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர். மகன் இங்கேயே பிறந்து, ஐடிஐயில் லேத் ஓட்டும் டர்னர் படிப்பு முடித்து, ஒரு தனியார் கம்பெனியில் சேர்ந்தார். சொந்தமாக ஒரு லேத் வாங்கிப் போடும் ஆசை வந்தபோது, வேலையில் இருப்பவர்கள் தங்கள் பெயரில் தொழில் நடத்தக் கூடாது என்று அந்தக் கம்பெனியில் விதி இருந்தது. பெண்கள் பெயரில் வாங்கினால் வட்டி குறைவு என்று வங்கியிலும் சொன்னார்கள். ஆகவே கடன், லைசென்ஸ், கரண்ட் கனெக்‌ஷன் எல்லாமே ருக்மிணி பெயரில் வந்தன. இரண்டு வருடம் கழித்து அவர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் ஷெட்டுக்கு வந்துவிட்டார். காகிதங்களை மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஷெட்டில் இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், இரும்பு அறுக்கும் மெஷின் ஒன்று. வேலைக்கு கிருஷ்ணா என்ற தெலுங்குக்காரரும் இன்னொருவரும். ருக்மிணி மதியச் சமையலை முடித்துவிட்டு பஸ் பிடித்து வருவார். பில் போடுவது, ஜிஎஸ்டி கட்டுவது, எந்த ஆர்டரை என்றைக்கு அனுப்ப வேண்டும் என்று காலண்டரில் குறித்து வைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. கிருஷ்ணா சாம்பசிவத்தை 'ஓனர் சார்' என்பார். ருக்மிணியை 'மேடம்' என்பார். கணவருக்குக் கணக்குப் பிள்ளையாக இருப்பதாகத்தான் ருக்மிணி தன்னைப் பற்றி நினைத்திருந்தார்.

இன்சூரன்ஸ் அவர்கள் தேடிப் போய் எடுத்ததல்ல. எட்டு வருடத்துக்கு முன் ஒரு பம்பு கம்பெனியில் ஷாஃப்ட் மாற்றும் வேலை கிடைத்தது. அவர்கள் இடத்துக்கே போய் மாட்டிக் கொடுக்க வேண்டும். உள்ளே வருகிற ஒவ்வொருவர் பெயரும் தொழிலாளர் இழப்பீட்டு பாலிசியில் இருந்தால்தான் கேட்டைத் தாண்ட விடுவோம் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். ராகவேந்திரா என்ற ஏஜென்ட் ஷெட்டுக்கு வந்தார். யார் யார் உள்ளே போவீர்கள் என்று கேட்டார். கிருஷ்ணா, இன்னொருவர், சாம்பசிவம். அவர் மூன்று பெயரையும் வரிசையாக எழுதினார். முதலாளி பெயர் கேட்டபோது ருக்மிணியின் லைசென்ஸைப் பார்த்து அதை எழுதினார். சாம்பசிவம் பெயருக்கு எதிரே 'டர்னர்' என்று போட்டார். அது பொய்யும் இல்லை.

தொழிலாளி என்றால் சம்பளம் இருக்க வேண்டுமே. ஆடிட்டர் ராமசுவாமி, ஒவ்வொரு மாதமும் ஷெட் கணக்கிலிருந்து சாம்பசிவத்தின் கணக்குக்கு ஒரு தொகையை அனுப்பிவிட்டு, சம்பளப் பதிவேட்டில் அவரிடம் கையெழுத்து வாங்கி வைக்கும்படி ருக்மிணியிடம் சொன்னார். ருக்மிணி சொன்னதை ஒரு மாதம்கூடத் தவறாமல் செய்கிறவர். சாம்பசிவம் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிறவர். அது வீட்டுச் செலவுக்கான பணம் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் ஆகஸ்ட் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. லேத்தில் ஒரு ஷாஃப்ட், பம்புக்குள் போகும் இரும்புத் தண்டு, சுற்றிக்கொண்டிருந்தது. கடைசி பாலிஷ்தான் பாக்கி. இரும்பைத் தேய்க்கும் உப்புத்தாளான எமரி தாளை ஒரு பட்டையாகக் கிழித்து, வலது கை ஆள்காட்டி விரலில் ஒரு சுற்று சுற்றிப் பிடித்துக்கொண்டு அவர் தேய்த்தார். அப்படிச் செய்யக் கூடாது என்று மற்ற இருவருக்கும் நூறு தடவை சொன்னவர் அவர்தான். தாள் ஷாஃப்ட்டோடு இறுகி விரலையும் சேர்த்து இழுத்தது. கிருஷ்ணா ஓடி வந்து மெயின் ஸ்விட்சை அணைத்தார். ஆஸ்பத்திரியில் எவ்வளவோ பார்த்தார்கள். விரலின் மேல் இரண்டு கணுக்களையும் எடுக்க வேண்டியதாயிற்று.

முதல் பத்து நாள் யாருக்கும் வேறு யோசனை இல்லை. அதன் பிறகு ராகவேந்திரா பார்க்க வந்தார். பாலிசியில் பெயர் இருக்கிறது, க்ளெய்ம் போடுங்கள் என்று ஒரு படிவத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்தப் படிவத்தை முதலாளி நிரப்ப வேண்டும். ருக்மிணி சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கேள்விகளைப் படித்தார். சாம்பசிவம் கட்டுப் போட்ட கையை மேஜை மேல் வைத்துக்கொண்டு பதில் சொன்னார். காயம்பட்ட தொழிலாளி எந்த வேலையில் இருந்தார் என்பது வரை சுலபமாகப் போயிற்று. அந்த வேலையைச் செய்யும்படி அவருக்கு உத்தரவிட்டவர் யார் என்று அடுத்த கேள்வி.

"நான்தான்" என்றார் சாம்பசிவம்.

"நீங்க காயம்பட்டவர். உத்தரவு போட்டது யாருன்னு கேக்கறாங்க."

"அதுவும் நான்தான். வேற யார் இருக்கா அங்க?"

விபத்தின்போது மேற்பார்வை செய்தவர் யார், பாதுகாப்பு அறிவுரை தந்தவர் யார் என்று அடுத்தடுத்து வந்த கேள்விகளுக்கும் அதே பதில்தான் இருந்தது. கல்லூரியில் படிக்கும் மகள் அனுபமா சோபாவில் இருந்தபடியே, "அப்பா, டெக்னிகலி யூ ஆர் அம்மாஸ் எம்ப்ளாயி" என்றாள். அவளுக்கு அது வேடிக்கையாக இருந்தது. ருக்மிணி அந்த மூன்று கட்டங்களையும் காலியாக விட்டுவிட்டுப் படிவத்தை மடித்து வைத்தார்.

இன்சூரன்ஸ் ஆபீசில் க்ளெய்ம் பார்க்கும் அதிகாரி ஆக்னஸ் என்ற நாகர்கோவில் பெண். ஹைதராபாத்துக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. தமிழ் பேசுகிறவர்கள் என்று தெரிந்ததும் இருவரையும் உட்கார வைத்து டீ வரவழைத்தார். காலிக் கட்டங்களைப் பார்த்தார். வீட்டு முகவரியும் முதலாளியின் முகவரியும் ஒன்றாக இருப்பதைப் பார்த்தார். பிறகு இருவரும் உறவா என்று கேட்டார். சொன்னார்கள். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"சார், நான் ஒண்ணு கேக்கேன், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க அங்க முதலாளியா, தொழிலாளியா?"

சாம்பசிவம் மனைவியைப் பார்த்தார். ருக்மிணி அவரைப் பார்த்தார். முதலாளி என்றால் பாலிசி கிடையாது. தொழிலாளி என்று சொல்ல முப்பது வருடமாக மெஷினில் நிற்கிற மனிதருக்கு நாக்கு எழவில்லை.

ஆக்னஸ் பொறுமையாக விளக்கினார். முதலாளிக்கு ஒன்று நடந்தால் இந்த பாலிசியில் எதுவும் கிடையாது. தொழிலாளிக்கு நடந்தால் உண்டு. கணவர் மனைவியிடம் உண்மையிலேயே வேலை பார்க்கிறாரா என்பதைக் கம்பெனி தானாக முடிவு செய்யாது. தொழிலாளர் துறையில் துணை ஆணையர் விசாரித்து உத்தரவு போட்டால் கொடுப்பார்கள். அதற்குக் காயம்பட்டவர் ஒரு மனு போட வேண்டும்.

"யார் மேல மனு?" என்று கேட்டார் சாம்பசிவம்.

"முதல் எதிர்மனுதாரர் உங்க முதலாளி. அதாவது மேடம். ரெண்டாவது நாங்க."

இதையெல்லாம் ருக்மிணி அன்று மாலை என் மனைவியிடம் சொன்னார்.

அடுத்த ஒரு மாதம் சாம்பசிவம் பார்த்தவரையெல்லாம் கேட்டார். ருக்மிணியின் தம்பி வாசு, புருஷன் பெண்டாட்டிக்குள் கேஸ் என்று வந்துவிட்டால் நாளைக்கு நம் வீட்டில் பெண் எடுக்க யோசிப்பார்கள், வேண்டவே வேண்டாம் என்றார். கிருஷ்ணா, இதில் என்ன இருக்கிறது, காகிதத்தில்தானே என்றார். ஆடிட்டர் ராமசுவாமி, சம்பளம் அனுப்பியது கணக்கில் இருக்கிறது, இப்போது நீங்கள் தொழிலாளி இல்லை என்று சொன்னால் ஆறு வருடக் கணக்கும் தப்பு என்றாகும், அது இன்னும் வம்பு என்றார். என்னிடமும் கேட்டார். எனக்கும் ஒன்றும் புரியவில்லை என்று உள்ளதைச் சொன்னேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாடியிலிருந்து அவர் குரல் கேட்டது. அவர் சத்தம் போட்டு நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"இத்தனை வருஷமா நீ என்னைச் சம்பளத்துக்கு வெச்சிருந்தியா, ருக்கு?"

ருக்மிணி சொன்னது எனக்குக் காதில் விழவில்லை. பிற்பாடு அவரே சொன்னார். "யாரு யாரை வெச்சிருந்தான்னு எனக்கும் தெரியலைங்க. நான் உங்ககிட்ட வேலை பாக்கறேன்னுதான் நெனச்சிட்டிருந்தேன்" என்றாராம். அதற்கு மேல் சண்டையை வளர்க்க இருவருக்குமே வழி தெரியவில்லை.

கடைசியில் மனுவைப் போட்டார்கள். போடலாம் என்று முடிவு செய்தது யார் என்று கேட்டால் இன்றைக்கும் ஒருவரை ஒருவர் காட்டுகிறார்கள். விஸ்வநாத் என்ற வக்கீல் சாம்பசிவத்துக்காக ஆஜரானார். ருக்மிணிக்கும் அவரே வரலாமே என்று கேட்டதற்கு, எதிரெதிர்த் தரப்புக்கு ஒரே வக்கீல் வர முடியாது என்று சிரித்தார். அதே கட்டடத்தில் இன்னொரு வக்கீலைப் பிடித்தார்கள். இருவரும் ஒரே ஆட்டோவில் போய் இறங்கி, ஒருவர் முதல் மாடிக்கும் ஒருவர் இரண்டாம் மாடிக்கும் ஏறிப் போவார்கள்.

ஒரு நாள் ரிஜிஸ்தர் தபாலில் நோட்டீஸ் வந்தது. கதவைத் திறந்தது சாம்பசிவம். ருக்மிணி என்பவர்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்று தபால்காரர் சொன்னார். ருக்மிணி குளித்துக்கொண்டிருந்தார். மனுதாரர் பத்து நிமிடம் தபால்காரரோடு வாசலில் நின்று, எதிர்மனுதாரர் வந்து நோட்டீஸை வாங்கிக்கொள்ளும் வரை காத்திருந்தார்.

விசாரணைக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. முக்கியமான விசாரணை நாளில் நானும் துணைக்குப் போயிருந்தேன். துணை ஆணையர் நடுத்தர வயதுக்காரர், அதட்டாமல் பேசுகிறவர். எல்லாம் தெலுங்கில் நடந்தது. இன்சூரன்ஸ் கம்பெனியின் வக்கீல் சாம்பசிவத்தைக் கேட்ட முதல் கேள்வி, ஒரு நாள் லீவு வேண்டுமென்றால் யாரிடம் கேட்பீர்கள் என்பது. யாரிடமும் கேட்பதில்லை என்று சொல்ல அவர் வாயெடுத்தார். பிறகு கொஞ்சம் யோசித்தார். டெலிவரித் தேதிகள் ருக்மிணியின் காலண்டரில்தான் இருக்கின்றன. ஒரு கல்யாணத்துக்குப் போவதென்றாலும் அவரைக் கேட்டுவிட்டுத்தான் போயிருக்கிறார். மேடத்தைத்தான் கேட்பேன் என்றார். அதைச் சொல்லும்போது அது உண்மை என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது முகத்தில் தெரிந்தது.

கிருஷ்ணாவை வேலைக்கு எடுத்தது யார் என்று அடுத்து கேட்டார். நான் என்றார் சாம்பசிவம். அப்படியானால் நீங்கள் முதலாளியா? எடுத்தது நான், ஆனால் எடுக்கலாமா என்று மேடத்தைக் கேட்டேன் என்று சொன்னார்.

அதன் பிறகு வக்கீல் முக்கியமான இடத்துக்கு வந்தார். எமரி தாளைக் கையால் பிடிக்கக் கூடாது என்பது ஷெட்டின் விதியா? ஆமாம். அந்த விதியைப் போட்டது யார்? நான். அதை மீறியது யார்? நான். முதலாளி போட்ட பாதுகாப்பு விதியைத் தொழிலாளி வேண்டுமென்றே மீறினால் இழப்பீடு கிடையாது என்று அவர் துணை ஆணையரிடம் சட்டத்தைக் காட்டினார். சாம்பசிவத்துக்குத் தலை சுற்றிவிட்டது. தானே தனக்குச் சொன்னதைத் தானே மீறியதால் தன் மனைவி தனக்குத் தர வேண்டியதில்லை என்கிறார்களா, இல்லை வேறு ஏதாவதா என்று கேட்பதுபோல என்னைத் திரும்பிப் பார்த்தார்.

ருக்மிணியைக் கூப்பிட்டார்கள். எமரி தாள் பற்றி உங்கள் தொழிலாளிக்கு நீங்கள் உத்தரவு ஏதும் போட்டிருந்தீர்களா என்று துணை ஆணையரே கேட்டார். எமரி தாளை எப்படிப் பிடிப்பார்கள் என்பதே தனக்குத் தெரியாது என்றார் ருக்மிணி. விபத்து நடந்த பிறகுதான் தெரியும். தெரிந்திருந்தால் ஒரு நாளும் விட்டிருக்க மாட்டேன் என்று சொல்லும்போது குரல் உடைந்தது. துணை ஆணையர் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். இன்சூரன்ஸ் வக்கீல் அதற்குமேல் அந்தக் கேள்வியை நீட்டவில்லை.

இரண்டு மாதம் கழித்து உத்தரவு வந்தது. ஆறு வருடம் சாம்பசிவத்தின் பெயரையும் சம்பளத்தையும் காட்டி பிரீமியம் வாங்கிய கம்பெனி, இப்போது அவர் தொழிலாளியே இல்லை என்று சொல்ல முடியாது. சம்பளம் மாதாமாதம் வங்கி வழியாகப் போயிருக்கிறது. முதலாளி அவருக்கு அந்த விதியைச் சொன்னதாகச் சாட்சியம் இல்லை. ஆகவே இழப்பீடு உண்டு. ஆள்காட்டி விரலில் இரண்டு கணு போனால் சம்பாதிக்கும் திறனில் பதினொரு சதவீதம் போயிற்று என்று சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறதாம். அதன்படி கணக்குப் போட்டிருந்தார்கள். பதினொரு சதவீதம் என்பதை எதிலிருந்து அளந்தார்கள் என்று சாம்பசிவம் ரொம்ப நாள் யோசித்துக்கொண்டிருந்தார். நுணுக்கமாக அளக்க மைக்ரோமீட்டரைத் திருகும் வேலையில் அவருக்குப் பாதி போனது மாதிரி இருந்தது. காபி டம்ளரைப் பிடிப்பதில் எதுவுமே போகவில்லை.

உத்தரவின் கடைசிப் பக்கத்தில் இன்னொன்று இருந்தது. விபத்து நடந்த ஒரு மாதத்துக்குள் முதலாளி தன் தொழிலாளிக்கு இழப்பீட்டைக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. அதற்கு அபராதம். இழப்பீட்டை இன்சூரன்ஸ் கம்பெனி கட்டும், அபராதத்தை முதலாளிதான் தன் கையிலிருந்து கட்ட வேண்டும். கட்டுகிற அபராதம் தொழிலாளிக்குப் போகும்.

விஸ்வநாத் இதைப் படித்துக் காட்டியபோது ருக்மிணிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் சுருங்கிவிட்டது. பால்காரர் பாக்கியைக்கூட மறுநாளைக்குத் தள்ளாத பெண். தன் தொழிலாளிக்குக் கொடுக்க வேண்டியதை உரிய காலத்தில் கொடுக்காதவர் என்று சர்க்கார் காகிதத்தில் அவர் பெயரைப் போட்டு எழுதியிருந்தது.

"நான் உங்களுக்குக் குடுக்காம விட்டேன்னு போட்டிருக்காங்க" என்று வீட்டுக்கு வந்து அழுதிருக்கிறார்.

சாம்பசிவம் அவரைச் சமாதானப்படுத்தினார். "எனக்கு யாரும் எதுவும் பாக்கி வைக்கலை, ருக்கு" என்று திரும்பத் திரும்பச் சொன்னாராம். மேல்முறையீடு செய்து அபராதத்தை நீக்கலாம் என்றார் ருக்மிணியின் வக்கீல். அப்படிச் செய்தால் அதை எதிர்த்து சாம்பசிவம் வாதாட வேண்டியிருக்கும் என்றார் விஸ்வநாத். நக்கோ, வேண்டாம், போதும் என்று இருவரும் ஒரே சமயத்தில் சொன்னார்கள்.

ருக்மிணி அபராதத்தைத் தொழிலாளர் துறையில் கட்டினார். சில வாரம் கழித்து இழப்பீட்டோடு சேர்ந்து அது சாம்பசிவத்தின் கணக்குக்கு வந்தது. அவர் அபராதத் தொகையை மட்டும் எடுத்து மறுநாளே ஷெட் கணக்கில் போட்டுவிட்டார். அந்த வருடக் கணக்கை முடிக்கும்போது ராமசுவாமி போன் செய்து, இதை எந்தத் தலைப்பில் எழுதுவது, தொழிலாளி முதலாளிக்குக் கொடுத்த கடனா என்று கேட்டார். அது எப்படி எழுதப்பட்டது என்று எனக்குத் தெரியாது.

ஷெட்டில் ஒன்று மாறியது. விசாரணை முடிந்த அடுத்த திங்கட்கிழமை ருக்மிணி வழக்கத்துக்கு மாறாகக் காலையிலேயே ஷெட்டுக்கு வந்தார். எமரி தாளை இனி யாரும் கையில் சுற்றிப் பிடிக்கக் கூடாது, மரக்கட்டையில் வைத்துத்தான் தேய்க்க வேண்டும், மீறினால் மெஷினை நிறுத்திவிடுவேன் என்று மூன்று பேரையும் நிற்க வைத்துச் சொன்னார். கிருஷ்ணா ஓனர் சாரைப் பார்த்தார். ஓனர் சார் "ஹவ், மேடம்" என்று ஹைதராபாத் பேச்சில் ஆமாம் போட்டார். கேலியாகச் சொல்ல ஆரம்பித்தது, சொல்லி முடிக்கும்போது கேலியாக இல்லை என்று கிருஷ்ணா என்னிடம் சொன்னார்.

பாலிசியைப் புதுப்பிக்கும் காலம் வந்தது. இனி முதலாளியின் குடும்பத்தினரை இந்த பாலிசியில் சேர்ப்பதில்லை என்று கம்பெனி முடிவு செய்திருப்பதாக ஆக்னஸ் வருத்தத்தோடு சொன்னார். பார்ட்னர்ஷிப்பாக மாற்றலாம் என்றார் ராமசுவாமி. அப்போது இருவருமே முதலாளி, இருவருக்குமே இதில் பாதுகாப்பு இல்லை. கம்பெனியாகப் பதிவு செய்யலாம் என்றார். அதைப் பற்றி அவர் ஒரு மணி நேரம் விளக்கியதில், யார் முதலாளி என்ற கேள்விக்கு யாருமே இல்லை என்பதுதான் பதில் என்று சாம்பசிவம் புரிந்துகொண்டார். அது சரிதானா என்று என்னைக் கேட்டார். இன்னும் எதையும் முடிவு செய்யவில்லை. இப்போதைக்கு கிருஷ்ணா பெயரும் மற்றவர் பெயரும்தான் பாலிசியில் இருக்கின்றன.

போன மாதம் சாம்பசிவம் ஆக்னஸிடம் போய் தன் பெயரில் தனிநபர் விபத்து பாலிசி ஒன்று எடுத்தார். நானும் கூட இருந்தேன். படிவத்தில் தொழில் என்ற இடத்துக்கு வந்ததும் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அதைப் பிறகு பார்க்கலாம், அடுத்ததை எழுதுங்கள் சார் என்றார் ஆக்னஸ். அடுத்தது, அவருக்கு ஒன்று ஆனால் பணம் யாருக்குப் போக வேண்டும், அவர் என்ன உறவு என்பது. ருக்மிணி, மனைவி என்று நடுவிரலால் பேனாவை அழுத்திப் பிடித்து எழுதினார். அங்கே அவருக்கு யோசிக்க எதுவும் இருக்கவில்லை. தொழில் என்ற கட்டத்தை ஆக்னஸே நிரப்பிக்கொண்டார். என்ன எழுதினார் என்று சாம்பசிவம் எட்டிப் பார்க்கவில்லை, மதியம் ஒரு டெலிவரி இருந்தது, கிளம்பிவிட்டோம்.